முள் தைத்த கால் வீங்கினால் வீக்கத்தை மாத்திரையால் அமுக்க வேண்டுமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) இருக்குதுங்க. கிளுவை வேலியைச் சரிசெய்யும்போது உள்ளங்காலில் முள் ஏறிவிட்டது. பிடுங்கிவிட்டேன். மறுநாள் சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. அமுச்சி (பாட்டி) மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். மெடிக்கலில் வீக்கம் வற்ற மாத்திரை வாங்கலாமா?

பதில்: மறுநாளே வீங்கியதற்காகப் பயப்பட வேண்டாம். அந்த வீக்கத்தை உண்டாக்கியது உங்கள் உடம்பேதான்.

முள் ஏறிய சில நிமிடங்களில், தோலுக்கடியில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். சின்ன ரத்தக் குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிவதால் வீக்கம். முள்ளோடு போன கிருமியை அங்கேயே இருக்கும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கண்டுகொள்ளும். இன்ன கிருமி என்று முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாக்டீரியாக்களின் மேலுறையில் பொதுவாக இருக்கும் பொருட்களை உணரும் ஏற்பிகள் அவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு. உடனே மற்ற செல்களைக் கூப்பிடும் சைட்டோகைன் என்ற பொருட்களைச் சுரக்கும். ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, அதைத் துளைத்து வெளியேறி, சில மணி நேரத்தில் கூடிவிடும். கிருமியை விழுங்கிக் கொன்று தாங்களும் செத்துப்போகும். சீழில் பெரும்பங்கு அதுதான். அப்புறம் ஒன்றிரண்டு நாளில் மோனோசைட் என்ற வேறு வெள்ளையணுக்கள் வந்து, மேக்ரோஃபேஜாக மாறி, மிச்சத்தைத் தின்று சுத்தம் செய்யும்.

இதை முதலில் புரிந்துகொண்டவரும் முள்ளை வைத்துத்தான் பார்த்தார். 1882இல் இத்தாலியின் மெசினாவில் விலங்கியலாளர் இலியா மெச்னிகோஃப், உடல் ஊடே தெரியும் நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர் வைத்த முள் உள்ளேயே இருந்தது. உங்களுக்கும் நுனி ஒடிந்து தங்கிவிட்டதோ என்பதுதான் என் கவலை. மரச் சிராயை இந்தச் செல்களால் கரைக்க முடியாது. அது இருக்கும்வரை இந்த அழற்சி (சிவப்பு, சூடு, வீக்கம்) அடங்காது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியும்.

பற்றைக் கழுவிவிடுங்கள், அமுச்சி கோபித்தாலும் சரி. சுண்ணாம்பு புண்ணை அரிக்கும். மஞ்சள் கறை சிவப்பை மறைத்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். காலை உயர்த்தி வைத்தால் வலி குறையும். பாராசிட்டமால் போதும். வீக்க மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. கடையில் பிரித்துக் கொடுக்கும் பெயர் தெரியாத மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வீக்கத்தோடு எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கிவிடும்.

இரண்டு மூன்று நாளில் குறைய ஆரம்பிக்க வேண்டும். குறையாவிட்டாலோ, சிவப்பு நீங்கள் பேனாவால் போட்ட கோட்டைத் தாண்டினாலோ, காலில் சிவப்புக் கோடு மேலேறினாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். நியூட்ரோஃபில்கள் மந்தமாக வேலை செய்யும், இன்றே காட்டுங்கள். கடைசியாக டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலும், எப்போது போட்டோம் என்றே நினைவில்லாவிட்டாலும், அதையும் இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.