முப்பதைத் தாண்டி முதல் ஆல்பம் போட்டு ஜெயித்த சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் ஓர் இசை வகை) பாடகர் யாராவது உண்டா?

உண்டு, பில் விதர்ஸ். அவருடைய 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' 1971 மே மாதம் வந்தபோது அவருக்கு வயது 32. நீங்களும் ஒரு வேலையில் இருந்துகொண்டே பாடுகிறவராக இருக்கலாம் என்று நினைத்துத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். கடற்படையில் 9 ஆண்டுகள், பிறகு கலிஃபோர்னியாவில் போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலை. ஆல்பம் அட்டையில் அவர் கையில் இருப்பது சாப்பாட்டுப் பெட்டி. மதிய இடைவேளையில், வேலை பார்த்த இடத்திலேயே எடுத்த படம் அது.

மூன்று மணி நேரம் வீதம் 4 அமர்வுகளில் ஒலிப்பதிவு என்று திட்டம். பணம் போதாமல் 3 அமர்வில் முடித்தார்கள். கடைசி அமர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கூட இருந்தவர்களைப் பாருங்கள்: தயாரிப்பு புக்கர் டி. ஜோன்ஸ், டிரம்ஸ் அல் ஜாக்சன், பேஸ் டொனால்ட் டன், கிடார் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். 'எயின்ட் நோ சன்ஷைன்' பாட்டில் ஓரிடத்தில் வரி எழுதாமல் 'ஐ நோ' என்று 26 தடவை பாடி நிரப்பியிருந்தார். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தவரிடம் இவர்கள்தான் "அப்படியே விடு" என்றார்கள். இன்று எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த இடம்தான்.

இந்தப் பெயர்களை ஒரு பாட்டுச் செயலியில் தேடிப் பாருங்கள். பாடகர் முகம் பெரிதாகத் தெரியும். டிரம்ஸ் வாசித்தவர் யார் என்று அறிய நாலு இடம் தட்ட வேண்டும். பழைய இசைத்தட்டின் உறையைத் திருப்பினால் போதுமாக இருந்தது. இது உண்மையாகவே வலிக்கிறது.

"எல்லாம் அதிர்ஷ்டம்" என்று யாராவது வருவார்கள். ஒரு பங்கு உண்மைதான். சிங்கிளில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு இசைத்தட்டில், முதல் பக்கம் 'ஹார்லெம்'. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டதால்தான் 'எயின்ட் நோ சன்ஷைன்' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது, 1972-இல் கிராமி இசை விருதும் வாங்கியது. ஆனால் பாட்டியின் கைகளைப் பற்றிய 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' அதே பட்டியலில் 42-ஐத் தாண்டவில்லை. 1996-இல் பிளாக்ஸ்ட்ரீட் குழு அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து 'நோ டிகிட்டி' செய்து முதலிடம் பிடித்தது. 25 ஆண்டு கழித்தும் எடுத்தாள ஏதோ இருந்தது என்றால், அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

கேட்பதானால் பல ஆல்பங்களிலிருந்து பொறுக்கிய தொகுப்பில் வேண்டாம். இந்த ஆல்பத்தின் 12 பாட்டையும் வரிசையாக, 'ஹார்லெம்' தொடங்கிக் கேளுங்கள்.