உயர்கல்விச் சேர்க்கை விகிதம் என்றால் என்ன? அது உயர்ந்தும் பட்டதாரிகளுக்கு ஏன் வேலை கிடைப்பதில்லை?

உயர்கல்வியில் சேர்ந்துள்ள அனைவரின் எண்ணிக்கையை, 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகையோடு ஒப்பிட்டு விழுக்காடாகச் சொல்வதே மொத்தச் சேர்க்கை விகிதம். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி இது இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47.

கல்யாணப் பந்தியில் அழைத்தவர், அழைக்காதவர் என்று பாராமல் இலை முன் உட்கார்ந்த எல்லோரையும் எண்ணுவதைப் போன்றது இக்கணக்கு. தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கும் 40 வயது ஆசிரியையும் இதில் அடக்கம். யார் வயிறார உண்டார் என்பதை, அதாவது யார் படிப்பை முடித்தார், எவருக்கு வேலை கிடைத்தது என்பதை, இந்த எண் சொல்லாது.

சேர்க்கை பெருகும் வேகத்தில் பட்டத்துக்கேற்ற பணியிடங்கள் பெருகுவதில்லை என்பதே அடிப்படைக் காரணம். பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான குரூப் 4 தேர்வைப் பொறியியல் பட்டதாரிகளும் எழுதுவதை நாம் பார்க்கிறோம். இன்னொன்றும் உண்டு, அதுவே அதிகம் கவனிக்கப்படாதது: அன்றாடக் கூலியை நம்பும் குடும்பத்தில் படிக்காதவர் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார், வீட்டார் ஓரளவு தாங்கும் பட்டதாரியோ தகுந்த வேலைக்காகக் காத்திருக்கிறார், அவ்வாறு வேலை தேடிக் காத்திருக்கும் காலம் முழுவதும் வேலையின்மைக் கணக்கில் ஏறுகிறது.

ஆகவே, பட்டதாரிகளிடையே வேலையின்மை விகிதம் அதிகம் என்பதால் படிக்காதவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று பொருள் கொள்வது தவறு.