திறந்த கடலில் பல்பு வைப்பது

அன்புள்ள சார்,

பாம்பனில் ட்யூஷன் எடுக்கிறேன். ஜப்பானின் நிகோலி என்ற புதிர் வெளியீட்டு நிறுவனம் பிரபலமாக்கிய, கட்டங்களில் பல்பு வைத்து வெளிச்சம் தரும் அகாரி புதிரைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டேன், கறுப்புக் கட்டத்தை அவர்கள் தீவு என்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 10க்கு 10 கட்டத்தில் கரையோரமாக வைத்து, மீதியைக் கடலாக விட்டு ஒரு புதிர் போட்டேன். ஆளுக்கொரு விடை வருகிறது. தீவுகளில் இன்னும் நிறைய எண்களைப் போட்டால் சரியாகுமா? வெளிச்சம் இரண்டு கட்டம்தான் போகும், மூலைவாட்டிலும் போகும் என்று புது விதிகள் சேர்க்கலாமா?

அன்புள்ள டீச்சர்,

எண்களை அதிகமாக்காதீர்கள். தீவுகளை நகர்த்துங்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக: பல்பின் வெளிச்சம் கிடையாகவும் நெடுக்காகவும் தீவில் முட்டும்வரை போகும், வெள்ளைக் கட்டம் அத்தனையிலும் வெளிச்சம் விழ வேண்டும், ஒரு பல்பின் மேல் இன்னொன்றின் வெளிச்சம் படக்கூடாது, தீவிலுள்ள எண் அதன் நான்கு பக்கங்களை ஒட்டி எத்தனை பல்பு என்று சொல்லும். இப்போது தீவே இல்லாத 10க்கு 10 கடலை எடுத்துக்கொண்டால், வரிசைக்கு ஒன்று நெடுவரிசைக்கு ஒன்று என்று பத்துப் பல்பை 36,28,800 விதமாக வைக்கலாம். உங்கள் தீவுகள் நிஜத்தைப் போலவே கரையை ஒட்டிச் சங்கிலியாகக் கிடக்கின்றன, வெளிக்கடலில் வெளிச்சத்தை மறிக்க ஒன்றுமில்லை. நான்கைந்தை உள்ளே இழுங்கள். குருசடைத் தீவைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இடம் தப்பு என்பார்கள், பரவாயில்லை.

நகர்த்தும்போது எண் இல்லாத தீவுகள் சுற்றி அடைத்த 2க்கு 2 குட்டை உருவானால் அதற்கு எப்போதும் இரண்டு விடை, இந்த மூலைவாட்டு ஜோடி அல்லது அந்த ஜோடி. ஒரு எண்ணைப் போட்டு மூடத்தான் கை போகும், ஆனால் அந்த எண் விடையை அங்கேயே சொல்லிவிடும். அதற்குப் பதில் குட்டையின் மேல் வரிசையில் ஒரு வாசல் திறந்து வெளியிலிருந்து வெளிச்சம் வரட்டும். கீழே இரண்டில் எது என்பது இன்னும் தெரியாது. இடது நெடுவரிசையிலும் அப்படியே வெளிச்சம் வந்தால் கீழ் வலது கட்டம் மட்டும் இருட்டில் நிற்கும், பல்பு அங்கேதான். எங்கோ தூரத்தில் கண்டுபிடித்தது இங்கே வந்து வேலை செய்கிறது பாருங்கள், இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம், இரண்டு கட்ட விதி அருமை. தீவில்லாத கடலில் பழைய விதிப்படி மூலையோ நடுவோ எந்தக் கட்டத்துக்கும் வெளிச்சம் தரும் பல்பு இருக்கக்கூடிய இடம் 19. உங்கள் விதியில் நடுவுக்கு 9, மூலைக்கு 5 மட்டும். மூலைப் பக்கம் ஒரு தீவை வைத்தால் இன்னும் சுருங்கும், பிள்ளைகள் எண்ணே இல்லாமல் அங்கிருந்து தொடங்கலாம். ஒரே வரிசையில் நடுவே இரண்டு கட்டம் விட்டு இரண்டு பல்பு வைக்கலாம் என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள்.

மூலைவாட்டு வெளிச்சத்தை இதோடு கலக்க வேண்டாம். மூலைக்கு மூலை தொட்டிருக்கும் இரண்டு தீவுகளின் இடுக்கில் வெளிச்சம் நுழையுமா என்று யாராவது கேட்பார்கள், புதிர் போடும் முன்பே நீங்கள் அதைத் தீர்மானித்திருக்க வேண்டும். அது தனிப் புதிர்.

முதலில் 6க்கு 6 போதும். நீங்களே போட்டுப் பாருங்கள், எங்காவது ‘சும்மா வைத்துப் பார்ப்போம்’ என்று தோன்றினால் அந்த இடத்துத் தீவை மாற்றுங்கள். முடிந்ததும் அனுப்புங்கள், நானும் போட்டுப் பார்க்கிறேன்.