எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? கேள்வி பதில்

பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பதால் பெற்றோர்களும் பிள்ளைகளும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மகனுக்கு 4 வயது. எழுத்தே தெரியாது. இப்போது புத்தகம் வாங்கினால் வீண்தானே?

இல்லவே இல்லை. மடியில் உட்கார வைத்து நீங்கள் வாசியுங்கள். அழ. வள்ளியப்பாவின் பாடல்களில் தொடங்கலாம், ஓசையிலேயே குழந்தை மயங்கிவிடும். படப் புத்தகம் என்றால் சென்னை தூலிகா வெளியீடுகளைப் பாருங்கள். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை பிரித்து இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் நிலையை எடுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பான். சலிக்காமல் வாசியுங்கள்.

9 வயதுப் பையன் காமிக்ஸ் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான். எப்படி நிறுத்துவது?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து கிளம்பிய முத்து காமிக்ஸும், 1984-இல் வந்த லயனும் எத்தனையோ பேரைப் படிக்க வைத்திருக்கின்றன. லக்கி லூக் கதைகளைக் கொடுத்துப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பான். படம் குறைந்து எழுத்து கூடிய பக்கம் போக நினைத்தால் அதற்கு வாண்டுமாமா இருக்கிறார். படக்கதையும் எழுதியவர், சிறுவர் நாவலும் எழுதியவர். காமிக்ஸைப் பிடுங்கிவிட்டு நாவலைத் திணித்தால் இரண்டும் போய்விடும்.

அக்கா, எனக்கு 13 வயசு. தாத்தா ‘பொன்னியின் செல்வன்’ படி என்கிறார். ஐந்து பாகத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பயப்படாதே கண்ணம்மா. 1950-இல் ‘கல்கி’ இதழில் தொடராக வரத் தொடங்கிய கதை அது. அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டும் என்பதால் அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக, எங்கே நிறுத்தினால் மனசு துடிக்குமோ அங்கே முடியும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில் ஆரம்பி. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிப் பேசுகிறார்களே, அதுவரைக்கும் போ. அப்போதும் இழுக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடு, தாத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல். சின்னதாக ஒன்று வேண்டுமென்றால் அதே கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ படி. ஒன்று மட்டும் கவனி: கல்கி எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, பல பதிப்பகங்கள் போடுகின்றன. அட்டையில் ‘சுருக்கம்’ என்று இருந்தால் வாங்காதே. கல்கியின் கிண்டலும் உரையாடலும் அதில்தான் முதலில் வெட்டுப்படும்.

12 வயது மகளுக்கு ரோபோ, விண்வெளி என்றால் உயிர்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீனோ என்ற இயந்திர நாயை அவளுக்குப் பிடித்துவிட்டால் ‘மீண்டும் ஜீனோ’வையும் உடனே கேட்பாள். கூடவே தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள்.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றி மகளிடம் பேச வேண்டும். வாய் வரவில்லை. உதவும் கதை உண்டா?

உண்டு. எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். முதலில் நீங்கள் முழுதாகப் படியுங்கள், அப்புறம் அவளோடு உட்கார்ந்து படியுங்கள். கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மிகச் சின்னப் புத்தகம். அதனாலேயே பலரும் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறார்கள். கேள்வி கேட்கும் ஒரு சிறுமியை வகுப்பறை என்ன செய்கிறது என்பதுதான் கதை, முடிவு மரணம். ஆசிரியர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு 13 வயதுக்கு மேல் போதும், அதுவும் பேச ஆள் பக்கத்தில் இருக்கும்போது.

பெங்களூரில் இருக்கிறோம். மகனுக்கு 14. தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். எளிய கதை கொடுத்தால் ‘பாப்பா புக்’ என்று தள்ளிவிடுகிறான்.

அவன் கோபம் நியாயமானது. வாசிக்கும் வேகம்தான் குறைவு, மனசுக்கு 14 வயது ஆகிவிட்டதே! பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்த ‘குட்டி இளவரசன்’ சரியாக இருக்கும். பக்கங்கள் குறைவு, யோசிக்க நிறைய உண்டு. கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ கதையை நீங்கள் சத்தமாக வாசியுங்கள், அவன் கேட்கட்டும். பறவைகள் பின்னாலேயே சுற்றும் ஒரு கிராமத்துப் பையனின் கதை. கரிசல் பேச்சு கண்ணுக்குக் கடினமாக இருக்கலாம், காதுக்குச் சுலபம்.

எனக்கு 17. சிறுவர் புத்தகம் போதும் அக்கா. பெரியவர்கள் படிப்பதில் எங்கே தொடங்குவது?

பூமணியின் ‘வெக்கை’. கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கதை. சட்டம், நிலம், சாதி எல்லாம் அதில் உண்டு, ஆனால் பாடம் நடத்தாது. அது கனமாக இருந்தால் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யை முதலில் எடு. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுது. அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.