சத்துமாவு பாக்கெட்டிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது அந்தக் குழந்தைப் படம்

கேள்வி: வீட்டில் சத்துமாவு அரைத்து, 500 கிராம் பாக்கெட்டாகக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறேன். ஒரு கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சென்றார்கள். மாவில் குறை இல்லை, ஆனால் 'மிஸ்பிராண்டட்' என்று பகுப்பாய்வு அறிக்கை வந்திருக்கிறது. அது கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. லேபிள் முழுக்கத் தமிழில் இருப்பதும் ஒரு குறையாம். மூன்று லட்சம் கட்ட வேண்டியிருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். மறுபரிசோதனை கேட்கலாமா? லேபிளின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: சகோதரி, முதலில் அறிக்கையின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006 மூன்று வகைக் குறைகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. உடலுக்குக் கேடு தரும் உணவு என்றால் குற்ற வழக்கு, சிறை வரை போகும். தரம் குறைந்த உணவு என்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்களுடையது மூன்றாவது வகை, அதைத்தான் 'மிஸ்பிராண்டட்' என்கிறார்கள். பொருளில் பிழை இல்லை, உறையில் சொன்ன விவரத்தில்தான் பிழை. இதற்கு 52-ஆம் பிரிவின்படி 3 லட்சம் 'வரை' அபராதம் விதிக்கலாம். அந்த 'வரை' முக்கியம். ஆதாயம் எவ்வளவு, யாருக்காவது நட்டம் உண்டா, மீண்டும் மீண்டும் நடந்ததா, அறியாமல் நேர்ந்ததா என்றெல்லாம் பார்த்தே தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது.

லேபிளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறிக்கை சொல்லாத ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. நடுவில் சிரிக்கும் கைக்குழந்தை, அதன் கீழே '6 மாதக் குழந்தை முதல்' என்ற வரி. தாய்ப்பாலோடு சேர்த்து, ஆறு மாதம் முடிந்ததிலிருந்து இரண்டு வயது வரை கொடுக்கலாம் என்று விற்கப்படும் எதுவும், தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருள், பால் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழந்தை உணவு. அதன் உறையில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. தாய்ப்பாலின் இடத்தை விளம்பரம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது, நியாயமான சட்டம். குழந்தை உணவுக்குத் தனித் தர விதிகளும் உண்டு. எனவே படத்தையும் அந்த வரியையும் இன்றே நீக்குங்கள். பெரியவர்களுக்கான கஞ்சி மாவாக மட்டும் விற்றுக்கொள்ளுங்கள்.

தமிழ் லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் வாங்கும் மாவுக்குத் தமிழ் விவரம் போதாது என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் இன்றைய விதி அதுதான். தமிழை எடுத்துவிடாதீர்கள், பக்கத்தில் ஆங்கிலத்தைச் சேருங்கள்.

உங்கள் லேபிளில் 'கேழ்வரகு, கம்பு, கோதுமை, நிலக்கடலை, முந்திரி முதலிய 21 வகை' என்று இருக்கிறது. இந்த 'முதலிய' என்ற சொல்தான் வினை. இருபத்தொன்றையும் எழுத வேண்டும், எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும். கோதுமை, நிலக்கடலை, முந்திரி மூன்றும் ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் அவற்றைத் தனியாகவும் குறிப்பிட வேண்டும். கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அந்த ஒற்றை வரி உயிர்ப் பிரச்சினை. தேதியை ரப்பர் முத்திரையால் அடித்திருக்கிறீர்கள், மாவு பட்ட கைபட்டு மாதம் கரைந்துபோயிருக்கிறது. 'தயாரித்ததிலிருந்து ஆறு மாதம்' என்று எழுதினால் போதாது. தயாரித்த மாதத்தையும் காலாவதி மாதத்தையும் அழியாத மையில் அச்சிடுங்கள். 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்ற வரியும் போகட்டும். நோய் தீர்ப்பதாக உணவுப் பொருளில் சொல்லவே கூடாது. தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை.

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும், பதிவு எண்ணும் சரியாக இருக்கின்றன. சத்து விவர அட்டவணையும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இல்லை. விலை தொடர்பானது எடையளவுச் சட்டம், அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. '220 ரூபாய்' என்று மட்டும் இருக்கிறது. அதிகபட்ச சில்லறை விலை, எல்லா வரிகளும் உட்பட என்பதைச் சேருங்கள். கிராமுக்கு 44 காசு என்ற அலகு விலையும், புகாருக்கான தொலைபேசி எண்ணும் வேண்டும்.

மறுபரிசோதனை கேட்டு நியமன அலுவலரிடம் (உங்கள் பகுதிக்கான உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி) மேல்முறையீடு செய்ய, அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. உங்களுக்கு இன்னும் 21 நாள் இருக்கிறது. ஆனால் என் கருத்து, வேண்டாம். மாவின் தரம் பற்றிய தகராறு என்றால் நானே மேல்முறையீடு செய்யச் சொல்வேன். உறையில் இல்லாத வரி எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இல்லாததுதான்.

அதற்குப் பதிலாக 69-ஆம் பிரிவைக் கையில் எடுங்கள். தானே தயாரித்துத் தானே விற்கும் சிறு உற்பத்தியாளரிடம், சிறைத் தண்டனை இல்லாத மீறல்களுக்கு ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விவகாரத்தை முடிக்க அது வழி செய்கிறது. தொகை ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையர் இந்த அதிகாரத்தை உங்கள் நியமன அலுவலருக்கு வழங்கியிருக்க வேண்டும், அதை நேரில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வழக்கு தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் போகும். தமிழ்நாட்டில் அவர் பொதுவாக மாவட்ட வருவாய் அலுவலர். அங்கே 49-ஆம் பிரிவை எடுத்துச் சொல்லலாம்.

கடைகளில் இருக்கும் பழைய பாக்கெட்டுகளை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். அவற்றின் மேல் சத்தமில்லாமல் புதுச் சீட்டு ஒட்டாதீர்கள். தனியே கட்டி வைத்து, எண்ணிக்கையையும் செய்த திருத்தங்களையும் எழுதி நியமன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புதிய லேபிளை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.