அப்பாவோட மறதிக்கு ஊசி போட்டு திரும்ப ஸ்கேன் எடுக்கணுமா?

குடியாத்தத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. அப்பாவுக்கு 72 வயசு, ரொம்ப வருஷமா சுகர், கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் 1.9, ஒரு வருஷமா மறதி, சாப்பிட்டு கை ஈரம் காயறதுக்குள்ள "இன்னும் சோறு போடலையா"ன்னு கேக்கறாராம். வேலூர்ல சாதா எம்ஆர்ஐ எடுத்தாச்சு, ரத்தத்துல இருக்கறது கண்டபடி மூளைக்குள்ள போகாம காக்கற தடுப்பு கசியுதான்னு பாக்க கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு இன்னொண்ணு எடுக்கலாமான்னு கேள்வி.

இப்போதைக்கு வேணாங்க.

மூளையில இருக்கற நுண்ணிய ரத்தக்குழாய் சுவர்ல செல்லுங்க இடுக்கே இல்லாம ஒட்டிட்டு இருக்கும், அந்த ஊசி மருந்து காடோலினியம்கூட உள்ள நுழையாது. கட்டியோ கிருமியோ வந்தா சுவர் நல்லாவே விட்டுடும், மருந்து இறங்கி படத்துல பளிச்சுன்னு வெள்ளையா தெரியும். அல்சைமர்ங்கற மறதி நோய்ல அப்படி இல்ல, நம்ம பாலாத்து மணல்ல ஊத்து தோண்டிட்டு பக்கத்துல உக்காந்திருந்தா மெல்ல மெல்ல ஊறுமே, அந்த அளவு கசிவுதான். வழக்கமான கான்ட்ராஸ்ட் ஸ்கேன் கண்ணுக்கு அது படாது, கால் மணி நேரத்துக்கு மேல திரும்பத் திரும்ப படம் எடுத்து மருந்து எவ்ளோ இறங்குதுன்னு கணக்கு போடணும். 2015ல அமெரிக்காவுல இப்படி பாத்தப்போ வயசாக ஆக ஹிப்போகேம்பஸ்ல, அதாவது ஞாபகத்துக்கான இடத்துல, கசிவு கூடறதும் லேசான மறதி இருக்கறவங்களுக்கு அது இன்னும் அதிகமா இருக்கறதும் தெரிஞ்சுது. அருமையான வேலை, ஆனா அது பல பேரோட சராசரி, உங்கப்பா ஒருத்தரோட நம்பரை வச்சு இது அல்சைமர்தான்னு யாரும் எழுதித் தர முடியாது, சுகர் பிபியாலயும் அதே குழாய் கசியும்.

கிட்னியையும் பாக்கணும். கிட்னி எவ்ளோ வடிகட்டுதுன்னு சொல்ற இஜிஎஃப்ஆர் 30க்கு கீழ போனா இந்த ஊசிய ரொம்ப யோசிச்சுதான் போடுவாங்க, கிரியாட்டினின் 1.9ங்கறது அதுக்கு அவ்ளோ தூரம் இல்ல. ஊசியே இல்லாம, கழுத்து வழியா மூளைக்கு ஏறுற ரத்தத்துல உள்ள தண்ணிக்கு காந்தத்தால அடையாளம் வச்சு அது எவ்ளோ வேகமா தடுப்பைத் தாண்டுதுன்னு பாக்கற முறை ஒண்ணு வளந்துட்டு இருக்கு, தினமும் அரை லிட்டர் மூளைநீர் சுரக்கற கொராய்டு பிளெக்சஸையும் அதுல பாக்கலாம். உங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு நாளைக்கு இதுதான் கைகொடுக்கும்னு நான் நம்பறேன், இன்னிக்கு அது ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு.

அந்தக் காசுக்கு பி12, தைராய்டு பாருங்க, சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் ரொம்ப நாள் போட்டா பி12 குறையும். எடுத்த எம்ஆர்ஐ சிடியவே நியூரோ டாக்டர்கிட்ட காட்டி ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கா, பொட்டு பொட்டா ரத்தக்கசிவு இருக்கான்னு கேளுங்க. இன்னொண்ணு, அப்பா நடக்கறப்போ பாதம் தரையில ஒட்டின மாதிரி இழுக்குதா, ஒண்ணுக்கு அடக்க முடியலையான்னு கவனிங்க, ரெண்டும் இருந்து மூளைநீர் அறையும் பெருசா இருந்தா அது மூளைநீர் தேங்கற நோயா இருக்கலாம், டாக்டர்கிட்ட அதைத்தான் மொதல்ல சொல்லணும், முதுகுல கொஞ்சம் நீர் எடுத்துப் பாத்து, நீரை வடிக்கற ஷன்ட் குழாய் வச்சா பல பேருக்கு நடை தேறுது.