எந்தக் கணினியிலும் ஓடும் ஹார்டு டிஸ்க்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வெளியில் சொருகும் ஹார்டு டிஸ்க் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பதினாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். "டிஸ்க் செத்துப்போச்சு" என்று என் மேசைக்கு வருபவற்றில் நிறைய டிஸ்க் நன்றாகவே இருக்கும். அதன் ஃபார்மேட்தான், அதாவது ஃபைல்களை டிஸ்கில் அடுக்கி வைக்கும் முறைதான், சொருகிய கணினிக்குப் புரியாததாக இருக்கும். அதனால் ஃபார்மேட்டைத் தொடும் கேள்விகளை முன்னால் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆபீஸில் விண்டோஸ், வீட்டில் மனைவியின் மேக்புக், பையனின் காலேஜ் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். மூன்றிலும் ஓடுகிற 2 டிபி டிஸ்க் வேண்டும். "மேக்குக்கானது" என்று தனியாக, சில நூறு ரூபாய் கூட வைத்து விற்கிறார்கள். அதைத்தான் வாங்கணுமா?

வேண்டாம். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே சுழலும் டிஸ்க் ஒன்றுதான், யூஎஸ்பியும் ஒன்றுதான். "மேக்குக்கானது" என்றால் மேக் ஃபார்மேட் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வேலையை நீங்களே இரண்டு நிமிஷத்தில் செய்துகொள்ளலாம்.

யார் எதைப் படிப்பார்கள் என்பதுதான் விஷயம். விண்டோஸின் ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ், 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. அதை மேக் படிக்கும், ஆனால் எழுதாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், 2017-இல் ஹை சியராவோடு வந்த ஏபிஎஃப்எஸ் இரண்டையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. லினக்ஸின் இஎக்ஸ்டி4-ஐ மற்ற இருவருமே தொடமாட்டார்கள். மூவருக்கும் பொதுவாகப் படிக்கவும் எழுதவும் வருவது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. மேக்கில் 10.6.5 முதல் இருக்கிறது. லினக்ஸில்தான் ரொம்ப நாள் தனியாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு வழி திறந்தது. 2020-இல் வந்த 5.7 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) எக்ஸ்ஃபேட்டுக்காகச் சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் சேர்ந்தது. பையனின் உபுண்டு அதற்குப் பிந்தையது என்றால் சொருகியதுமே திறக்கும்.

விலை குறைவான சாதாரண டிஸ்கை வாங்கி எக்ஸ்ஃபேட் போடுங்கள். மிச்சப் பணத்தை இரண்டாவது டிஸ்குக்குச் சேர்த்து வையுங்கள். ஏன் இரண்டாவது என்று கீழே சொல்கிறேன்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன் சார். டிஸ்கில் 300 ஜிபி காலியாக இருக்கிறது, 11 ஜிபி ஃபைலைப் போட்டால் "ஃபைல் பெரிதாக இருக்கிறது" என்கிறது. டிஸ்க் போலியா?

டிஸ்க் நல்ல டிஸ்க்தான். யாரோ ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டைப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இதுதான் கதை. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அண்ணா, இது அவசரம். பழைய டிஸ்கை மேக்கில் சொருகினேன். "இந்த டிஸ்கைப் படிக்க முடியவில்லை" என்று சொல்லி எஜெக்ட், இக்னோர், இனிஷியலைஸ் என்று மூன்று பட்டன் காட்டுகிறது. இனிஷியலைஸ் கொடுத்தால் சரியாகிவிடுமா?

கொடுக்காதீர்கள். தயவுசெய்து அந்தப் பட்டன் பக்கமே போகாதீர்கள். இனிஷியலைஸ் என்பது டிஸ்கைப் புதிதாகத் தொடங்கச் சொல்வது. உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் வேலை அதில் கிடையாது. இக்னோர் கொடுத்துவிட்டு, இந்த டிஸ்க் கடைசியாக எந்தக் கணினியில் ஓடியது என்று யோசியுங்கள். அதில் கொண்டுபோய்ச் சொருகுங்கள். அங்கே திறந்தால் பிரச்சினை ஃபார்மேட்தான், டேட்டா பத்திரமாக இருக்கிறது. விண்டோஸிலும் இதே பொறி உண்டு. இஎக்ஸ்டி4 போட்ட டிஸ்கைச் சொருகினால் "பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று கேட்கும். கேன்சல்தான் பதில்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன தையில் ஒரு ஸ்டூடியோக்காரர் 4 டிபி டிஸ்கோடு வந்தார். முகூர்த்த வீடியோ காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிள் கழன்றிருக்கிறது. மறுபடி மேக்கில் சொருகினால் விளக்கு மினுக்குகிறது, டிஸ்க் தெரியவில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பிடுங்கி, திரும்பச் சொருகி, இப்படியே நாலைந்து தடவை செய்திருக்கிறார். மேக்கில் ஓடும் நிரல்களைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து அவருக்குக் காட்டினேன். எக்ஸ்ஃபேட்டைச் சரிபார்க்கும் நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும் வரை மேக் டிஸ்கைக் காட்டாது. ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. கை வைக்காமல் விட்டோம். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு டிஸ்க் வந்தது. காப்பி பாதியில் நின்ற அந்த ஒரு ஃபைல் மட்டும் போனது.

எக்ஸ்ஃபேட்டின் பலவீனம் இதுதான். என்டிஎஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் இரண்டும் பாதியில் நின்றால் தங்களைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டோடு வருகின்றன. எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. எழுதும்போது பிடுங்கினால் ஒரு ஃபோல்டரே காணாமல் போகலாம். எடுத்துப் போக எக்ஸ்ஃபேட் மாதிரி வசதி வேறில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் ஒரே பிரதியை அதில் வைக்காதீர்கள். இரண்டாவது டிஸ்க் வாங்கச் சொன்னது இதனால்தான். எப்போதும் எஜெக்ட் கொடுத்து, விளக்கு அடங்கிய பிறகே கழற்றுங்கள்.

கேள்வி: என் டிஸ்க் என்டிஎஃப்எஸ், 1.4 டிபி நிரம்பியிருக்கிறது. இப்போது மேக் வாங்கிவிட்டேன். டேட்டா போகாமல் எக்ஸ்ஃபேட்டாக மாற்ற முடியுமா?

இருந்த இடத்திலேயே மாற்றும் நம்பகமான வழி கிடையாது. வேறு டிஸ்குக்குக் காப்பி செய்து, ஃபார்மேட் செய்து, திரும்பக் கொண்டுவர வேண்டும். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் என்பதால் அவசரமில்லை, எழுதத்தான் முடியாது. காசு கொடுத்து வாங்கும் என்டிஎஃப்எஸ் டிரைவர்கள் மேக்குக்கு இருக்கின்றன. தினமும் எழுத வேண்டியிருந்தால் அதைப் பாருங்கள்.

கேள்வி: ஃபார்மேட் செய்யும்போது என்னென்னவோ கேட்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸில் அலொகேஷன் யூனிட் சைஸ், அதாவது டிஸ்கைப் பிரிக்கும் குட்டிக் கட்டங்களின் அளவு, என்று கேட்கும். டீஃபால்டாக இருப்பதை மாற்றாதீர்கள். அளவுக்கு மீறிப் பெரிதாக வைத்தால் மேக்கில் திறக்காமல் போகும். மேக்கில் செய்வதாக இருந்தால் டிஸ்க் யுடிலிட்டியில் வியூ மெனுவுக்குப் போய் "ஷோ ஆல் டிவைசஸ்" கொடுங்கள். உள்ளே தள்ளி இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருக்கும் முழு டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் டிஸ்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறையைக் கேட்கும் ஸ்கீம் என்ற வரி தெரியும். அதில் ஜியூஐடி வையுங்கள். எம்பிஆர் என்ற பழைய முறை 2 டிபிக்கு மேல் போகாது. ஆனால் பழைய டிவிகள் சில எம்பிஆரை மட்டுமே படிக்கும். டிவிக்கென்றே ஒரு சின்ன டிஸ்க் வைத்திருந்தால் அதற்கு எம்பிஆர் போடலாம்.

கேள்வி: டிவியில் சொருகினால் ஒவ்வொரு பாட்டும் இரண்டு தடவை தெரிகிறது. ஒன்று ஓடுகிறது, புள்ளியும் கோடும் போட்டுத் தொடங்கும் இன்னொன்று ஓடமாட்டேன் என்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. மேக்கில் காப்பி செய்திருப்பீர்கள். மேக் ஒவ்வொரு ஃபைலோடும் வைத்துக்கொள்ளும் கூடுதல் விவரங்களை எக்ஸ்ஃபேட்டில் வைக்க இடமில்லை. அதனால் "._" என்று தொடங்கும் துணை ஃபைலாக எழுதிவிடுகிறது. மேக்கில் அவை மறைந்திருக்கும், டிவிக்கு மறைக்கத் தெரியாது. பாட்டு, படம், போட்டோ மாதிரியானவற்றில் அவற்றை அழித்தால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: அண்ணா, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். என் புராஜெக்ட் ஃபோல்டர் 900 எம்பிதான். எக்ஸ்ஃபேட் டிஸ்கில் போட்டால் 12 ஜிபி இடம் போகிறது. லினக்ஸுக்குத் திரும்ப எடுத்தால் ஸ்கிரிப்டும் சரியாக ஓடவில்லை.

தம்பி, இரண்டுக்கும் காரணம் எக்ஸ்ஃபேட்தான். 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட் டிஸ்கில் விண்டோஸ் இயல்பாக வைக்கும் கட்டத்தின் அளவு 128 கேபி. 1 கேபி ஃபைலுக்கும் ஒரு முழுக் கட்டம் போய்விடும். உன் ஃபோல்டரில் லைப்ரரிகளோடு சேர்த்து ஒரு லட்சம் குட்டி ஃபைல் இருந்தால் 12 ஜிபி கணக்கு சரியாக வரும். தவிர, எந்த ஃபைலை யார் இயக்கலாம் என்ற லினக்ஸ் அனுமதிகளையும், சிம்பாலிக் லிங்குகளையும் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழிகள்) எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளாது. முழு ஃபோல்டரையும் டார் ஃபைலாகக் கட்டி, அந்த ஒற்றை ஃபைலை டிஸ்கில் போடு. அனுமதிகள் உள்ளேயே பத்திரமாக இருக்கும், இடமும் மிச்சமாகும்.

கேள்வி: ஹார்டு டிஸ்கா, எஸ்எஸ்டியா?

பையில் தினமும் எடுத்துப் போனால் எஸ்எஸ்டி. கீழே விழுந்தாலும் தாங்கும். நல்ல கேபிளும் வேகமான போர்ட்டும் இருந்தால் நொடிக்கு 1000 எம்பி வரை போகும். சுழலும் டிஸ்க் நொடிக்கு 100, 130 எம்பி. வீட்டு அலமாரியில் பல டிபி போட்டோக்களைச் சேர்த்து வைக்க ஹார்டு டிஸ்கே போதும், விலையும் குறைவு. எஸ்எஸ்டியை நிரப்பி, மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். வேகம் குறைவாக இருந்தால் டிஸ்கைத் திட்டும் முன் கேபிளைப் பாருங்கள். போன் சார்ஜருடன் வந்த டைப் சி கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2 வேகம்தான், நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது.

கேள்வி: ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய்க்கு வருகிறதே?

போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு வைத்து, 16 டிபி என்று கணினியிடம் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகு புதிது பழையதன் மேல் எழுதப்படும். பெயர்கள் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கியவர்கள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளை வைத்து முழுக்கொள்ளளவையும் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு போட்டு எல்லாக் கணினியிலும் திறக்க வேண்டும்.

விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் போட்டால் மேக்கில் திறக்காது. மேக்கின் பூட்டு விண்டோஸில் திறக்காது. மூன்றிலும் ஓடுவது வெராகிரிப்ட் என்ற மென்பொருள், இலவசம். ஒவ்வொரு கணினியிலும் அதை நிறுவியிருக்க வேண்டும். பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் திறக்க முடியாது, என்னாலும் முடியாது. அதை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

கேள்வி: கோயில் கல்வெட்டுகளைப் படமெடுத்துச் சேர்க்கிறேன். பழைய ஐமேக்கில் ஜிப் செய்து, டிஸ்கில் கொண்டுவந்து, உபுண்டுவில் ஏற்கெனவே இருந்த ஃபோல்டருக்குள் விரித்தேன். "கோனேரிராஜபுரம்", "கொடும்பாளூர்" இரண்டும் இரண்டிரண்டு ஃபோல்டராக நிற்கின்றன. "தஞ்சாவூர்" மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே?

இந்தக் கேள்விக்காகவே நன்றி ஐயா. தமிழில் பெயர் வைக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. யூனிகோடில் "கோ"வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஏகாரத்தின் இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்தே வைத்துக்கொள்ளும், ஜிப்பிலும் அப்படியே போகும். உபுண்டுவில் நீங்கள் தட்டச்சு செய்தது சேர்ந்த வடிவம். லினக்ஸ் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில்தான் இந்தச் சிக்கல். தஞ்சாவூரில் அவை எதுவும் இல்லை, அதனால் தப்பித்தது.

உபுண்டுவில் கன்வ்எம்வி என்ற சின்ன கருவி கிடைக்கும். என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும். முதலில் எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும், அதைப் படித்துவிட்டு உறுதி கொடுங்கள். அதற்கு முன் இரட்டையாக நிற்கும் ஃபோல்டர்களில் ஒன்றின் பெயருக்குப் பின்னால் "2" சேர்த்துவிடுங்கள், மோதாது. பிறகு இரண்டையும் திறந்து, படங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்து ஒன்றாக்குங்கள். எண்ணிப் பார்க்கும் வரை எதையும் அழிக்க வேண்டாம்.